வகாட்டா போட்ட மாதிரி ஒரு பனியன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நாறாத பனியன் என்று விற்கிறார்களே, அதைப் பற்றிய விமர்சனம். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. திருப்பூர்ச் சரக்கு, ஆன்லைனில் ஒன்று 649 ரூபாய், அதற்குமேல் அடையாளம் வேண்டாம். இந்த மாதிரிப் பனியனை இப்போது நிறையப் பேர் போடுகிறார்கள். வெள்ளி கலந்தது, கிருமி அண்டாது, மூன்று நாள் போட்டாலும் வாடை வராது என்று எல்லா அட்டையிலும் ஒரே பாட்டுத்தான். அதனால் நான் சொல்வது மற்றதுக்கும் கொஞ்சம் பொருந்தும்.

நான் லாரி டிரைவர். ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் கோயிலிலும் தமிழ். நான் படித்ததும் தமிழ் மீடியம். முன்பு கோயமுத்தூர் - எர்ணாகுளம் லைன், வாளையார் வழி. இப்போது பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றி, கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, வடக்கஞ்சேரி, திருச்சூர். சில நாள் ஒட்டன்சத்திரம் காய்கறி. திரும்பும்போது கிடைத்த லோடு. ஒரு நடை கிளம்பினால் வீடு வர இரண்டு நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும்.

பனியன் நாறுவது என்றால் என்ன என்பதில் எனக்கு ஒரு டிகிரியே கொடுக்கலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து செக்போஸ்ட் எடுபடும்வரை வாளையாரில் லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். ஒரு தடவை இரண்டு ராத்திரி ஒரு பகல் அங்கேயே கிடந்திருக்கிறேன். குளிக்க இடமில்லை. வண்டியை விட்டு நகரவும் முடியாது, முன்வண்டி பத்தடி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். மூன்றாம் நாள் கஞ்சிக்கோட்டில் டீ குடிக்க இறங்கினபோது பக்கத்து பெஞ்சுக்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் முகம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

சரி, பனியன் வந்த கதை. மகள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்கு மூன்று பனியனும் ஒரு ஜட்டியும் வாங்கி வந்தாள். "அப்பா, இது மூணு நாள் போட்டாலும் நாறாதுங்கப்பா."

"நாறாம இருக்க நான் என்ன ஜவுளிக்கடை பொம்மையா?"

"ஜப்பான்காரர் ஒருத்தர் இந்த மாதிரித் துணியத்தான் விண்வெளியில ஒரு மாசம் கழட்டாமப் போட்டாருங்கப்பா. யாருக்கும் தெரியல."

அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி, "அந்தாளு பொண்டாட்டி பாவம்" என்றாள்.

அந்த ஜப்பான்காரர் பெயர் கொய்ச்சி வகாட்டா. ராத்திரி ஹால்ட்டில் தூக்கம் வராதபோது போனில் அவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பனியனை விட ஆள் எனக்குப் பிடித்துப்போனார். அதனால் இந்த விமர்சனத்தில் அவரும் அடிக்கடி வருவார். பனியன் மட்டும் போதும் என்பவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

முதல் விஷயம், அவரும் நானும் ஒரே வயது. 1963 ஆகஸ்ட் 1, சைதாமா பக்கம் ஓமியா என்ற ஊரில் பிறந்தவர். ஐந்து வயதில் நிலாவில் மனிதன் இறங்கியதை டிவியில் பார்த்தாராம். அந்த வயதில் நான் டிவியையே பார்த்ததில்லை. கியூஷு பல்கலைக்கழகத்தில் விமான எஞ்சினியரிங் முடித்துவிட்டு 1989ல் ஜப்பான் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். விமானம் ஓட்ட இல்லை. நரிட்டா விமான நிலையத்துப் பராமரிப்புப் பிரிவில் எஞ்சினியர்.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் அங்கே பார்த்த வேலை என்ன தெரியுமா? விமானத்தின் உடம்பு தேறுமா தேறாதா என்று பார்ப்பது. உலோகம் அலுத்துப்போய் விரிசல் விடுவது, துரு பிடிக்காமல் காப்பது, 747 ஜம்போ விமானத்தின் பளபளப்பான அலுமினியத் தோலை வெயிலும் மழையும் என்ன செய்கிறது என்பது. அதாவது நம் ஆள். லாரிக்காரனுக்கு இது விளங்கும். என் பழைய வண்டியில் பின்பக்கம் கமான் பட்டை பிராக்கெட் ஓரமாக சேஸில் ஒரு விரிசல் இருந்தது. மயிரிழை. மேலே பெயின்ட் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்ததும் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து செம்பட்டையாக ஒரு கோடு கசிந்து இறங்கியிருந்தது, வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி. அந்தத் துருதான் காட்டிக்கொடுத்தது. வெல்டிங் பட்டறைக்காரர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு லோடு ஓட்டியிருந்தா குதிரான்ல படுத்திருப்பே" என்றார். அந்தச் செம்பட்டைக் கோட்டைத் தேடுவதைச் சம்பளத்துக்குச் செய்தவர் வகாட்டா. அவர் ஒரு துணியைப் போட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் அதை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. நடிகர் விளம்பரத்தில் சொல்வது வேறு, வண்டி ஓடத் தகுதியா என்று எஃப்.சி. பார்க்கிற ஆள் சொல்வது வேறு.

1992ல் ஜப்பான் விண்வெளி அமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது. 1996 ஜனவரியில் எண்டெவர் என்ற விண்வெளி ஓடத்தில் முதல் பயணம். அதில் அவருக்குக் கொடுத்த வேலை, அதற்கு முந்தின வருடம் ஜப்பான் அனுப்பியிருந்த ஒரு செயற்கைக்கோளை இயந்திரக் கையால் பிடித்து ஓடத்துக்குள் ஏற்றிப் பூமிக்குக் கொண்டுவருவது. ரிட்டர்ன் லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்தால் அதன் சூரியத் தகடுகள் மடங்கி ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டையும் கழற்றி வெளியிலேயே விட்டுவிட்டு, மிச்ச உடம்பைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தார்ப்பாய்க் கம்பி மடங்காமல் மக்கர் செய்தால் நாமும் அதை அறுத்துப் போட்டுவிட்டு லோடை ஏற்றுவோமே, அதேதான். வேலை போக மிச்ச நேரத்தில் கூட வந்த டான் பேரியோடு 'கோ' என்ற பலகை விளையாட்டு ஆடினாராம். நாங்கள் ஹால்ட்டில் சீட்டு போடுவதைத் திட்டுகிறவர்கள் கவனிக்கவும்.

2000ல் இரண்டாவது பயணம், விண்வெளி நிலையத்தைக் கட்டுகிற வேலை. அதை விடுங்கள். நம் பனியன் வருவது மூன்றாவதில். 2009 மார்ச் நடுவில் டிஸ்கவரி ஓடத்தில் போய், நிலையத்தில் தங்கினார். அங்கே நீண்ட நாள் தங்கிய முதல் ஜப்பானியர் அவர்தான்.

அங்கே துணி துவைக்க வழி கிடையாது. தண்ணீர் அவ்வளவு அருமை. அழுக்குத் துணியைக் குப்பையோடு சரக்குக் கலத்தில் கட்டிப் போட்டுவிடுவார்கள், அந்தக் கலம் காற்று மண்டலத்தில் நுழையும்போது எல்லாம் சேர்ந்து எரிந்து சாம்பலாகிவிடும். அப்படியானால் ஒவ்வொருவருக்கும் மாதக்கணக்கில் மாற்றுத் துணி மேலே போயாக வேண்டும். ராக்கெட்டில் ஒரு கிலோ ஏற்றுவது நாம் தேங்காய் ஏற்றுகிற வாடகையிலா நடக்கிறது? ஆகவே ஒரு துணியை எத்தனை நாள் போடலாம் என்பது அவர்களுக்குப் பெரிய கணக்கு. ஜப்பான் பெண்கள் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதற்காகவே கிருமியைத் தடுக்கிற, வாடையை உறிஞ்சுகிற, சீக்கிரம் காய்கிற துணியை வடிவமைத்தார்கள். 2008ல் டகாவோ டோய் என்ற இன்னொரு ஜப்பானியர் ஒரு குறுகிய பயணத்தில் அதைப் போட்டுப் பார்த்தார். அடுத்த வருடம் நீண்ட நாள் சோதனை வகாட்டாவின் தலையில், இல்லை, இடுப்பில் விழுந்தது. சட்டை, கால்சட்டை, சாக்ஸ் எல்லாம் உண்டு என்றாலும் பேப்பர்காரர்கள் பிடித்துக்கொண்டது ஜட்டியைத்தான். சுமார் ஒரு மாதம் ஒன்றையே போட்டிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது அவர் சோதனை செய்த முறை. கூட இருந்தவர்களிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. திரும்புகிற சமயத்தில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதுதான், இதுவரை இவர்களிடம் நான் சொல்லவில்லை, ஒரு மாதமாக யாரும் புகார் செய்யவில்லை, ஆகவே சோதனை வெற்றி என்றுதான் நினைக்கிறேன் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் எல்லாரும் மூக்கைத் தீட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். சொல்லாமல் இருந்தால்தான் உண்மை வெளியே வரும்.

நானும் அதையே செய்வது என்று முடிவு செய்தேன். என் கேபினில் கூட இருக்கிற மூக்கு எங்கள் கிளீனர் தம்பி. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பையன், இருபத்து மூன்று வயது, வாய் சும்மா இருக்காது. அவனிடம் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

முதல் சுற்று மார்கழியில். பாலக்காட்டுக் கணவாயில் அப்போது கிழக்கேயிருந்து வறண்ட காற்று ஊதும், உதடு வெடிக்கும், வேர்வை வந்த இடம் தெரியாமல் காய்ந்துவிடும். ஒரே பனியன், ஆறு நாள், இரண்டு நடை. குளிக்கும்போது கழற்றிக் கேபினுக்குள் கொடியில் போட்டு, குளித்ததும் அதையே மாட்டினேன். ஆறாம் நாள் நானே அக்குளில் முகர்ந்து பார்த்தேன். லேசாகப் புது நோட்டுப் புத்தக வாடை, அவ்வளவுதான். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொன்னதெல்லாம், "டிரைவரண்ணா, ஒங்களுக்கு இந்த ஒரு பனியன்தான் இருக்கா?" என்பது மட்டும். நிறத்தை வைத்துக் கேட்டிருக்கிறான். வகாட்டாவின் கணக்குப்படி இது புகார் ஆகாது. மகளுக்குப் போன் போட்டு, "தேறிருச்சு பாப்பா" என்றேன்.

"சித்திரையில போட்டுப் பாருங்கப்பா" என்றாள். லேபில் இருக்கிறவள் இல்லையா.

அவள் அப்போது விளக்கினது இது. வேர்வைக்கென்று வாடை ஒன்றும் இல்லை. தோலில் இருக்கிற கிருமிகள் அதைத் தின்று, கழித்து, அதிலிருந்து வருவதுதான் வாடை. இந்தத் துணியில் பூசியிருக்கிற வெள்ளி, ஈரம் பட்டதும் துளித்துளியாக வெளியே வந்து கிருமியைப் பெருகவிடாமல் செய்கிறது. அதனால் வாடை தள்ளிப் போகும். ஆனால் உப்பு போகாது, எண்ணெய்ப்பசை போகாது, அழுக்கு போகாது. வெள்ளியும் ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் போகும். "நாறாதுன்னுதான் அட்டையில போட்டிருக்காங்க, சுத்தமா இருக்கும்னு போடலைங்கப்பா."

சித்திரை வந்தது. பாலக்காட்டு வெயில் தெரியாதவர்களுக்கு: 40 டிகிரியைத் தாண்டும், ராத்திரியும் சுவரிலிருந்து சூடு கிளம்பும். கேபினில் எஞ்சின் சூடு வேறு. சீட்டில் முதுகு ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் பிளாஸ்திரி பிய்க்கிற சத்தம் வரும். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் ஏற்றி ஆலுவாவுக்கு. வெங்காய லோடில் பனியன் சோதனை செய்வது முட்டாள்தனம் என்று இரண்டாம் நாள்தான் உறைத்தது. மூக்கு மரத்துப்போய்விடும். அந்தச் சுற்றைத் தள்ளுபடி செய்துவிட்டு, அடுத்த தேங்காய் லோடில் புதுப் பனியனாக எடுத்துப் போட்டேன். கள்ளும் தொடவில்லை. சித்தூர்ப் பக்கம் சித்திரையில் கள்ளைத் தொடாமல் இருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் கள் குடித்தால் வேர்வையும் புளிக்கும், சோதனை கெட்டுவிடும்.

முதல் நாள் நன்றாக இருந்தது. துணி மெல்லிசு, வேர்வையை உறிஞ்சி, வண்டி ஓடுகிற காற்றில் சட்டென்று காய்ந்தது. சாதாரணக் காட்டன் பனியன் நனைந்தால் ஈரச்சாக்கு மாதிரி உடம்பில் தொங்கும், இது தொங்கவில்லை. இரண்டாம் நாள் வாடை இல்லை, ஆனால் முதுகில் வெள்ளையாக உப்புப் படம். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வளைவு வளைவாக, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கோடு, வெட்டின மரத்தில் வயது பார்ப்போமே அந்த மாதிரி. கை வைத்தால் மொறமொறவென்று இருந்தது. மூன்றாம் நாள் அந்த உப்பு அரித்தது. சீட்டு முதுகில் தேய்கிற இடமெல்லாம் வேர்க்குரு.

அன்றைக்கென்று சாலக்குடிப் பக்கம் அடிப்பாதை வேலையில் மாட்டிக்கொண்டோம். மூன்று மணி நேரம், வண்டி ஊர்ந்தது முக்கால் கிலோமீட்டர் இருக்கும். அந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு வகாட்டாவை நினைத்தேன். அவருக்கும் இப்படி ஒரு தாமதம் நடந்திருக்கிறது. 2009 ஜூனில் அவரை இறக்கிவிட்டு மாற்று ஆளை ஏற்ற எண்டெவர் ஓடம் வந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் கசிவு என்று இரண்டு தடவை நிறுத்தினார்கள், அப்புறம் இடி மின்னல் என்று நிறுத்தினார்கள். மொத்தம் ஐந்து தடவை தள்ளிப்போய் ஆறாவது தடவைதான் கிளம்பியது, ஜூலை 15ல். அவர் தரையிறங்கியது ஜூலை 31. ஆக்டிங் டிரைவர் இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று பங்க்கில் காத்துக் கிடக்கிற வேதனை எனக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த நாளிலும் சும்மா இருக்கவில்லை. ஜனங்கள் எழுதிக் கேட்ட சில்லறைச் சோதனைகளையும் அந்தப் பயணத்தில் செய்து காட்டியிருக்கிறார்: எடையில்லாத இடத்தில் கண்ணுக்கு மருந்து விட முடியுமா, துணி மடிக்க முடியுமா, பறக்கும் கம்பளத்தில் நிற்க முடியுமா என்று. பெரிய படிப்புப் படித்தவர், இதெல்லாம் என் தகுதிக்குக் குறைவு என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் செய்தார். அந்த மே மாதம்தான் நிலையத்தில் மூத்திரத்தையும் வேர்வை ஈரத்தையும் சுத்தம் செய்து குடிதண்ணீராக்குகிற இயந்திரத்துக்கு அனுமதி கிடைத்தது. அவரும் கூட இருந்த இரண்டு பேரும் அந்தத் தண்ணீரைச் சியர்ஸ் சொல்லிக் குடித்தார்கள். நாறாத ஜட்டி, மூத்திரத் தண்ணீர் என்று எதைக் கொடுத்தாலும் போட்டும் குடித்தும் பார்த்துவிட்டு நிதானமாகச் சொல்கிற ஆள். விமர்சனம் எழுதுகிறவனுக்கு அவரை விட வாத்தியார் கிடையாது.

நாலாம் நாள் காலை. அங்கமாலி பக்கம் டீக்கடை. தம்பி டீ கிளாஸோடு கேபினுக்குள் ஏறினவன் அப்படியே நின்றான்.

"டிரைவரண்ணா, பின்னால எலி ஏதும் செத்திருக்கா?"

"இல்லையேடா."

"ஏதோ புளிச்சாப்பில அடிக்குது. நேத்து வாங்கின மாவு பாக்கெட்டா?"

சோதனை முடிந்தது. நான்கு நாள். அவனிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து டீயைச் சீட்டில் கொட்டினான். அப்புறம் நியாயமாக ஒன்று சொன்னான்: "சாதா பனியன்னா மொத நாள் சாயங்காலமே ஜன்னல இறக்கிருப்பேன்."

வகாட்டாவுக்கு ஒரு மாதம், எனக்கு நான்கு நாள். கம்பெனி பொய் சொல்கிறதா என்றால், மூன்று நாள் என்று போட்டதில் பொய் இல்லை. ஆனால் அட்டையில் விண்வெளி வீரர் படம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல். ஜப்பான்காரர் போட்டது வேறு துணி, பல்கலைக்கழகம் உட்கார்ந்து செய்தது. அவர் இருந்தது குளுகுளுவென்று காற்றை அளந்து விடுகிற இடம். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி உண்டுதான், வேர்வையும் உண்டுதான். ஆனால் அங்கே சீட்டில் முதுகு தேயாது, டீசல் புகை இல்லை, சித்திரை இல்லை. அதைக் காட்டி இதை விற்பது, பென்ஸ் படத்தை ஒட்டி மாட்டுவண்டி விற்கிற வேலை.

குறைகள் இன்னும் இருக்கின்றன. மூன்றில் ஒரு பனியனுக்கு கை ஓரத் தையல் ஐந்தாம் அலசலில் பிரிந்துவிட்டது. 649 ரூபாய் வாங்கிக்கொண்டு தையலில் கை வைத்தால் எப்படி? இருபது அலசலுக்குப் பிறகு வாடையைத் தாங்குவது இரண்டு நாளாக இறங்கிவிட்டது. வெள்ளி கரைந்துகொண்டே போகும் என்று மகள் சொன்னது சரிதான். இதை அட்டையில் எங்கேயும் காணோம். விற்ற இடத்துக் கஸ்டமர் கேரில் புகார் போட்டேன். தையலுக்குப் போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். வாடைக்கும் போட்டோ கேட்டார்கள். எலி செத்ததா என்று கேட்ட தம்பியின் முகத்தைப் படம் எடுத்து வைக்காமல் போய்விட்டேன். கடைசியில் தையல் பிரிந்த ஒன்றுக்கு மட்டும் பணம் திரும்பி வந்தது, பதினேழு நாள் கழித்து.

ஜட்டியைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். பேத்தி இதைப் படிப்பாள். லாஸ்டிக் நல்ல லாஸ்டிக், இறுக்கமில்லை. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும். மூன்றாம் நாளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

நல்லது என்று பார்த்தால், மழைக்காலத்தில்தான் இது தன் காசுக்கு வேலை செய்கிறது. இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் கேரளத்தில் துவைத்த பனியன் காயவே காயாது. கேபினுக்குள் தொங்கிக்கொண்டு ஈரநாற்றம் அடிக்கும், சுத்தமாகத் துவைத்திருந்தாலும் அடிக்கும். இந்தத் துணியில் அந்த ஈரநாற்றம் வரவில்லை. ராத்திரி அலசிப் பிழிந்து சீட்டுக்குப் பின்னால் போட்டால் காலையில் போட்டுக்கொள்ளலாம். துவைக்காமல் எத்தனை நாள் என்று பார்ப்பதை விட, நனைத்துவிட்டு எவ்வளவு சீக்கிரம் போடலாம் என்று பார்ப்பதுதான் நம் ஊருக்குச் சரி. கம்பெனிக்கு இது தோன்றவே இல்லை. வகாட்டா கையில் கொடுத்திருந்தால் அவர் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார், அவருக்கு நனைக்கத் தண்ணீர் கிடைத்திருந்தால்.

அவருடைய மீதிக் கதையையும் சொல்லாமல் விட மனசில்லை. 2013 நவம்பரில் நாலாவது தடவை போனார், சோயுஸ் கலத்தில். 2014 மார்ச்சில் நிலையத்துக்கே கமாண்டர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஜப்பானியர். இதில் ஆச்சரியம் இல்லை, கூட இருப்பவர்கள் மூக்கைச் சுளிக்காமல் மாதக்கணக்கில் இருக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த நாற்காலி கொடுப்பார்கள். அதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் பட்டது 2023 ஜனவரி 20. அது ஐந்தாவது பயணத்தின்போது, டிராகன் கலத்தில் போயிருந்த சமயம். இயந்திரக் கையை ஓட்டி மற்றவர்களை வெளியே அனுப்பியவர், உள்ளேயிருந்து எத்தனையோ வேலை பார்த்தவர், அதுவரை தானாகக் கதவைத் திறந்து வெளியே போனதே இல்லை. 59 வயதில் முதல் தடவையாக வெளியே போய், நிக்கோல் மேன் என்ற அமெரிக்கப் பெண்மணியோடு சேர்ந்து, புதிய சூரியத் தகடுகள் வருவதற்குச் சட்டம் மாட்டினார். ஏழு மணி நேரத்துக்கு மேல். ஸ்பேனரும் போல்ட்டுமாக ஒரு பட்டறை வேலை. இரண்டு வாரத்தில் மறுபடி ஒரு தடவை. ஐந்து பயணத்துக்கும் சேர்த்து 504 நாள் மேலே இருந்திருக்கிறார். 2024 மார்ச்சில் ஜப்பான் விண்வெளி அமைப்பிலிருந்து விலகி ஓர் அமெரிக்கத் தனியார் விண்வெளி நிறுவனத்தில் சேர்ந்தார். ஓய்வு எடுக்கவில்லை.

"வண்டியை வித்துப்போட்டு வீட்ல இருங்கப்பா" என்று மகள் சொல்லும்போதெல்லாம் நான் அந்த ஜனவரி 20ஐச் சொல்லிக் காட்டுகிறேன். "அவருக்கு வேர்க்குரு இல்லைங்கப்பா" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

கடைசியாகப் பனியன். வெயில் காலத்தில் லாரி, பஸ், ஜேசிபி ஓட்டுகிறவர்கள் அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரண்டு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கும் சபரிமலைக்குப் போகிறவர்களுக்கும் தைரியமாக வாங்கலாம். கஞ்சி போடாதீர்கள், துணி மணக்கப் போடுகிற திரவத்தையும் ஊற்றாதீர்கள், அது வெள்ளியின் மேல் பூசிக்கொண்டு வேலை செய்யவிடாது என்று மகள் சொல்கிறாள். வெந்நீர் வேண்டாம். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். தையல் பிரிந்த பனியனை நான்காகக் கிழித்துக் கண்ணாடி துடைக்க வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக டேஷ்போர்டில் ஈரத்தோடு கிடக்கிறது, கரித்துணிக்கே உரிய அந்த நாற்றம் இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாக ஐந்துக்கு ஐந்து.

வாங்குகிறவர்கள் வழக்கமான அளவை விட ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். முதல் அலசலிலேயே நீளத்தில் இரண்டு விரற்கடை சுருங்குகிறது, எனக்குத் தொப்பை வெளியே தெரிந்தது.